மலைக்காய், தரைக்காய்

ரவூப் பாய் பட்டறையின் பின்புறத்து வாதாமரம் கார்புரேட்டர் காய்த்தது, நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த வருஷம். கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே சொல்கிறேன். பூவை நான் பார்க்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் பூத்தது என்றும், பூ பித்தளை நிறத்தில் மிளகு அளவுக்கு இருந்தது என்றும், ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது என்றும், காற்றடித்தால் அவை உதிர்ந்து பட்டறையின் தகரக் கூரைமேல் மழை மாதிரி சலசலத்தன என்றும் சொன்னது பக்கத்து வீட்டுப் பழனாத்தாள். காயை நான் பார்த்தேன். முதலில் அது நெல்லிக்காய் அளவில், நகம் பட்டால் தடம் விழும் மெத்தென்ற ஈயமாக இருந்தது. ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் இறுகி, மேலே மூன்று திருகாணி வைத்த மூடியும், பக்கவாட்டில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணமும், நடுவில் தொண்டையும் அதற்குள் ஒரு வட்டத் தகடும் வந்து, கார்த்திகை பிறந்தபோது கிளைக்குக் கிளை முழுசான கார்புரேட்டர்கள் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று வந்தால் அத்தனை தகடுகளும் ஒரே சமயத்தில் திறந்து மூடும். தெருமுனையில் நிற்கும்போதே அந்த டப் டப் சத்தம் கேட்கும்.

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி ரோடு மலையேறத் தொடங்கும் முன்னால், இடதுபக்கம் இருந்தது அந்தப் பட்டறை. நாற்பது வருஷமாக ரவூப் பாய் அங்கே கார்புரேட்டர்களைப் பெட்ரோலில் கழுவி, கழுவியதை அந்த மரத்தின் வேரில்தான் ஊற்றினார். மரம் குடித்ததைக் காய்த்திருக்கிறது என்று பாய் சொன்னார். அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டு, தன் பழைய ஹெரால்டு வண்டிக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனார். நகராட்சியிலிருந்து வந்தவர் இதை விளைபொருளில் சேர்ப்பதா உதிரிபாகத்தில் சேர்ப்பதா என்று அரை மணி நேரம் யோசித்து, 'வாதாங்கொட்டை, இதர' என்று எழுதிக்கொண்டார். முதல் பறிப்பில் ஒரு பங்கு பள்ளிவாசல் ஜெனரேட்டருக்கும், ஒரு பங்கு அம்மன் கோயில் தேரை இழுக்கும் பழைய ஜீப்புக்கும் போயிற்று. பழனாத்தாள் வீட்டுப் பக்கம் ஒரு கிளை சாய்ந்திருந்தது.

"ஏனுங் பாய், எங்க பக்கம் காய்ச்சது எங்களுதுதானுங்ளே?" என்று அவள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

"உங்களுதுதான் அக்கா. காரு இருக்குதா வீட்டுல?"

"காரு இல்லாட்டி என்னுங்? காய் காய்தானுங்."

அவள் பிஞ்சு ஒன்றைச் சிவப்புத் துணியில் முடிந்து திருஷ்டிக்கு வாசலில் கட்டினாள். அதைப் பார்த்து அந்த வரிசையில் ஏழு வீடுகளில் கட்டினார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு கார்புரேட்டரும் வைத்துக் கொடுத்தார்கள். செங்காயாகப் பறித்ததை வைக்கோல் போட்டு மூடி வைத்தால் நான்கு நாளில் உள்துளைகள் எல்லாம் திறந்துகொள்ளும் என்று பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். அரிசி டிரம்மில் வைத்தால் இரண்டே நாள். ஆனால் சோற்றில் பெட்ரோல் வாடை வரும். ஒரு மாதம் எங்கள் தெருவே அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டது. பிறகு வேறு சோறு சப்பென்று இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

யாருக்கும் அது வேண்டாத காயாக இல்லை என்பதற்குக் காரணம் பட்டறையை ஒட்டி இருந்த டாக்சி ஸ்டாண்டு. அங்கே அப்போது ஒன்பது பழைய அம்பாசிடர்கள் இருந்தன. அவற்றுக்குக் கார்புரேட்டர் வருவது நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதுவும் ஒன்று போதாது, வண்டிக்கு இரண்டு வேண்டும். மலைமேல் காற்று மெலிசு. காற்று மெலிந்தால் அதில் கலக்கிற பெட்ரோலும் குறைய வேண்டும். குறையாவிட்டால் வண்டி கரும்புகை கக்கி மூச்சடைத்து நின்றுவிடும். அதனால் எங்கள் ஊர் டிரைவர்கள் மலையேறும் முன்னால் பாய் பட்டறையில் வண்டியை நிறுத்தி, தரைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு மலைக் கார்புரேட்டரை மாட்டுவார்கள். இறங்கி வந்ததும் மலையைக் கழற்றித் தரையை மாட்டுவார்கள். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான் அதற்கு. சவாரிக்காரர்கள் இதையும் கோயில் வழிபாடு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மலைக்கும் தரைக்கும் வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதே மூடி, அதே மூன்று திருகாணி, அதே கிண்ணம், வாய் அகலமும் அதே. உள்ளே தொண்டை குறுகும் இடத்தில் மலைக்கு முப்பது மில்லிமீட்டர், தரைக்கு முப்பத்திரண்டு. அடியில் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மலைக்கு ஒரு நூல் சிறியது. அவ்வளவுதான். கம்பெனி அடித்த எண் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும். ஆனால் முப்பது வருஷம் கைபட்டுக் கழுவுபட்டு எல்லா எண்ணும் தேய்ந்து போயிருந்தது. மரத்தில் காய்த்ததற்கோ, எண் விழுவது காய் முழுக்கப் பழுத்த பிறகுதான். முழுக்கப் பழுத்தால் காம்பு விட்டுக் கீழே விழுந்து உடைந்துவிடும். ஆக, எண் தெரிகிற காய் எதற்கும் உதவாது, உதவுகிற காயில் எண் இருக்காது.

இந்த இடத்தில்தான் என் அப்பா மருதாசலம் வருகிறார்.

அப்பா அந்த ஒன்பது வண்டியில் ஒன்றின் டிரைவர். ஸ்டாண்டில் அவருக்கு இருந்த மரியாதை ஓட்டுவதற்காக அல்ல. எந்தக் கார்புரேட்டரைக் கொடுத்தாலும் இடது உள்ளங்கையில் வைப்பார், கண்ணை மூடுவார், ஒரு தடவை லேசாகத் தூக்கிப் பார்ப்பார், காதருகே கொண்டுபோய்ச் சாய்ப்பார். பிறகு "மலை" என்பார், அல்லது "தரை" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கோத்தகிரியிலிருந்தும் காரமடையிலிருந்தும் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையை நீட்டாமல் இடது கையை நீட்டுவார். அவர் சொன்னதைப் போட்டும் வண்டி இருமினால், இருமலுக்குப் பெட்ரோலைத் திட்டினார்கள், ஏற்றிய சுமையைத் திட்டினார்கள், பனியைத் திட்டினார்கள். மருதாசலத்தை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மரம் காய்த்ததும் கூட்டம் கூடியது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து முடியாது என்று ஆனபோது, அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல என்ன இருக்குதுப்பா? மேக்கிளையில காய்க்கறது மலை, கீழ்க்கிளையில காய்க்கறது தரை."

அது எல்லாருக்கும் உடனே விளங்கியது. உயரத்தில் காய்ப்பது உயரத்துக்கு. வேறு எப்படி இருக்கும்? ரவூப் பாய் இரண்டு மரப்பெட்டிகள் செய்து ஒன்றில் மலை என்றும் மற்றதில் தரை என்றும் எழுதி வைத்தார். மேல் கிளை ஏறத் தெரிந்தவர்களுக்குத் தனி மவுசு வந்தது. பழனாத்தாள் தன் பக்கத்தில் இருந்தது கீழ்க்கிளை என்பதால் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

எனக்கு அப்போது செய்ய வேலை ஒன்றும் இல்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அடுத்து என்ன என்று கேட்டார்கள், எனக்கு அடுத்து என்ன என்று தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல், விழுந்து உடைந்த காய்களைப் பொறுக்கி, எண்ணைப் பார்த்து, எந்தக் கிளைக்கு நேர் கீழே கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். நாற்பத்தொரு காய் விழுந்தன. மேல் கிளையிலிருந்து பத்தொன்பது. அதில் மலை எட்டு, தரை பதினொன்று. கீழ்க்கிளையிலும் ஏறக்குறைய அப்படித்தான். மரத்துக்கு மேல் கீழ் என்ற நினைப்பே இல்லை. இரண்டையும் கலந்து, ஒரே காம்பில் ஜோடியாகக் கூடக் காய்த்திருந்தது. கல்லூரியில் வாங்கிய வெர்னியர் அளவுகோல் என்னிடம் இருந்தது. அதன் மெல்லிய தாடை தொண்டைக்குள் போகும். உடையாத காயையும் அதால் அளந்து சொல்லிவிடலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் அது முதலில் அப்பாவைப் போய்ச் சேரும்.

மார்கழியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குன்னூருக்கு மேலே அளவுக்கருவிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும், பிந்தியவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு முன் போட்ட இருபத்தாறு விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான்.

"நான் பஸ்ஸுல போயிக்கறேன்ப்பா," என்றேன்.

"ஊரான் பிள்ளைகளை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயி மலையில விட்டிருக்கறேன். எம் பொண்ணு பஸ்ஸுல போவாளாமா?" என்றார் அப்பா.

அவருடைய பழைய மலைக் கார்புரேட்டர் அந்த வாரம்தான் விரிசல் விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், மரத்தின் ஆக உச்சாணிக் கொம்பிலிருந்து ஒரு காயை இறக்கச் சொன்னார். நஞ்சப்பன் அண்ணன், அப்பாவுக்கு அடுத்த வண்டிக்காரர், எப்போதும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பவர், கையைத் தட்டினார்.

"மாப்ள, இது ஊட்டிக்கு இல்ல, இமயமலைக்கே போகும்போல இருக்குதே!"

அப்பா அதை உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடினார். தூக்கினார், சாய்த்தார்.

"மலை," என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மிணிக்கு நல்ல காய் கிடைத்துவிட்டது என்று ரவூப் பாய் அதைத் தன் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் வெர்னியரை எடுத்தேன். தப்பாக இருக்கும் என்று நினைத்து எடுக்கவில்லை. சரியாக இருந்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். முப்பத்திரண்டு. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் முப்பத்திரண்டு. அப்பா வாசலில் இன்னும் நாலைந்து பேரோடு நின்று, மகள் உத்தியோகம் பார்க்கப்போகும் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வெர்னியரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

மறுநாள் ஏழரைக்குக் கிளம்பினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாய் பட்டறையில் காயை மாட்டி, டீ குடித்து, கல்லாறு தாண்டும்வரை வண்டி பட்டு மாதிரி போனது. ஏறத் தொடங்கியதும் நான் கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்லியாறில் புகை சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைத் தாண்டி இரண்டு வளைவில் கறுத்தது. பின்னால் வந்த பஸ் எங்களைத் திட்டிக்கொண்டே முந்திப் போனது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி மூன்று தடவை தும்மி, ஒரு தடவை பெருமூச்சு விட்டு, நின்றது. மணி எட்டே முக்கால்.

அப்பா சக்கரத்துக்குக் கல் வைத்தார். பானட்டைத் திறந்தார். ஒரு குரங்கு மதிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. சட்டைப் பையிலிருந்து அப்பா ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பி இழை, மின்சார வயரைப் பிரித்து எடுத்தது, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அவர் மூடியைக் கழற்றி, கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் கொட்டி, அடியில் இருந்த ஜெட்டைத் திருகி எடுத்து, அதன் துளைக்குள் ஓர் இழையை நுழைத்து, இரண்டு முனையையும் மடித்துவிட்டார். பெரிய துளை இப்போது ஓர் இழையளவு சிறுத்துவிட்டது. இத்தனையையும் அவர் கை தானாகச் செய்தது. ஒரு தடவை இரண்டு தடவை செய்த கை அல்ல அது. ஆனால் ஜெட்டைத் திரும்ப இறுக்கும்போது திருகுமரை சரியாகப் பிடிக்கவில்லை. காயில் மரை இன்னும் முற்றவில்லை. அதைப் பொறுமையாக உட்கார வைக்கத்தான் நேரம் போயிற்று. நான் பக்கத்தில் நின்று திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா," என்றேன். "நான் நேத்தே அளந்து பார்த்தேன். இது தரை."

அவர் நிமிரவில்லை. "நேத்தேவா?"

"ஆமா."

"அப்பறம் ஏன் அம்மிணி சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்க."

 அவர் சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"எனக்கும் அதே கதைதான். நான் ஸ்டாண்டுக்கு வந்து மூணாம் நாள். பெரிய பெரிய டிரைவருங்க எல்லாம் உக்காந்திருக்கறாங்க. ஒருத்தரு ஒரு கார்புரேட்டரைத் தூக்கி எங்கையில குடுத்து, புதுப்பையா, இது மலையா தரையான்னாரு. தெரியாதுன்னு சொல்ல வாய் வருல. மலைன்னேன். மலையாப் போச்சு. மக்யாநாள் இன்னொருத்தரு கொண்டாந்தாரு..." ஜெட் மரையைப் பிடித்தது, அவர் மெதுவாகத் திருகினார். "முப்பது வருசம். எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல அம்மிணி. பாதி சரியா இருக்கும், பாதிக்கு இந்தக் கம்பி."

"அப்ப, மேக்கிளை மலை, கீழ்க்கிளை தரைன்னு நீங்க சொன்னது?"

"அதுவா? கைவலி தாங்காம சொன்னது."

வண்டி கிளம்பும்போது ஒன்பதே கால். எஞ்சிய வளைவுகளை அது முனகிக்கொண்டே ஏறியது. குன்னூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த மலை ரயில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலை வாசலை நாங்கள் அடைந்தபோது பத்து இருபது.

காவலாளி என் கடிதத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பத்து மணிக்கு லிஸ்டை உள்ள குடுத்தாச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

எதிரே டீக்கடையில் எங்கள் ஸ்டாண்டு வண்டி இரண்டு நின்றிருந்தது. சவாரியை இறக்கிவிட்டு நஞ்சப்பன் அண்ணனும் இன்னொருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கிளாஸோடு ஓடிவந்தார்கள். அதே நேரம் உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கையில் கோப்போடு, ஏதோ கேட்க வாசலுக்கு வந்தார். காவலாளி சல்யூட் அடித்ததிலிருந்து பெரிய அதிகாரி என்று தெரிந்தது.

"ஏன் லேட்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். நஞ்சப்பன் அண்ணன் அப்பாவின் விலாவில் இடித்தார். "மண்ணு சரிஞ்சிருச்சுன்னு சொல்லு மாப்ள. நான் சாட்சி."

மார்கழியில் அந்த ரோட்டில் மண் சரிந்தது என்றால் யாரும் நம்புவார்கள். அப்பா ஓர் அடி முன்னால் போனார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் கரும்புகை படிந்திருந்தது.

"ரோட்டுல ஒண்ணும் இல்லீங்க. எம் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. நான் கார்புரேட்டரை மாத்திப் போட்டுட்டேன். எனக்கு மலைக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. எப்பவுமே தெரியாதுங்க. அவளுக்குத் தெரியும். நான் அவகிட்டக் கேக்குல."

நஞ்சப்பன் அண்ணனின் கிளாஸிலிருந்து டீ வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அளந்தா தெரியுங்க. அளக்காம எனக்கும் தெரியாதுங்க."

"எதை வெச்சு அளந்தே?"

"வெர்னியர்ங்க. தொண்டைக்குள்ள. மூணு தடவை."

"மூணு தடவையா?" என்றார். காவலாளியிடம் திரும்பி, லிஸ்டில் இன்னொரு பேரை எழுதச் சொன்னார்.

உள்ளே என்ன கேட்டார்கள் என்பது பாதி மறந்துவிட்டது. பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். என் மேஜை ஜன்னலில் இருந்து பார்த்தால் மலை ரோட்டின் நான்கு வளைவுகள் தெரியும். அந்த ஒன்பது அம்பாசிடர்களில் ஒன்றுகூட இப்போது அதில் ஏறுவதில்லை. மரமும் அந்த ஒரு பருவம்தான் காய்த்தது. மறு வருஷம் வெறும் வாதாங்கொட்டை. தெருவில் எல்லாரும் ஒன்றிரண்டு உடைத்துத் தின்று பார்த்துவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். பழைய வண்டிகள் போய், பட்டறை போய், ரவூப் பாயின் மகன் அங்கே கைபேசிக் கடை வைத்திருக்கிறான். நான் ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கம் நடந்தால், காற்றடிக்கிற நாளில், தலை தானாக அண்ணாந்துவிடுகிறது.

ஆனால் சொல்ல வேண்டியது அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் காலையைப் பற்றி. நாங்கள் மலை இறங்குவதற்குள் நஞ்சப்பன் அண்ணன் இறங்கிவிட்டார். ஆகவே அப்பா வாசலில் சொன்னது எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. ராத்திரி யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. காலையில் அப்பா வழக்கம்போல முகச்சவரம் செய்து, காக்கிச் சட்டை போட்டு, ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் கூடவே போனேன்.  எட்டு டிரைவர்களும் மரத்தடியில் நின்றிருந்தார்கள். பழனாத்தாள் மதிலுக்கு மேலே தலையை வைத்திருந்தாள்.  நஞ்சப்பன் அண்ணன் பெட்டியிலிருந்து ஒரு காயை எடுத்து, தினமும் கொடுப்பதுபோலவே, அப்பாவின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

அப்பா கண்ணை மூடினார். தூக்கிப் பார்த்தார். காதருகே சாய்த்தார். மரத்தில் தகடுகள் டப் டப்பென்று திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"தெரியல," என்றார்.

"தெரியலையா?"

"தெரியல நஞ்சா."

நஞ்சப்பன் அண்ணன் மப்ளரைக் கழுத்திலிருந்து உருவி முகத்தைத் துடைத்தார். "அட எஞ்சாமி. எனக்கும் தெரியாது மாப்ள. நீ எதைக் குடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கிட்டு, கல்லாறு தாண்டுனதும் பானட்டை ஒரு விரக்கடை தூக்கிக் கயிறு கட்டிருவேன். காத்து உள்ள போவட்டும்னு."

"நான் ஏர்பில்டரைக் கழட்டி டிக்கியில போட்டுருவேன்," என்றார் ஆரோக்கியசாமி, இரண்டாவது வண்டிக்காரர்.

"அதான் உங்க டிக்கியில எப்பவும் சாமான் வெக்க எடமில்லையா?" என்று கேட்டார் இன்னொரு வண்டிக்காரரான குட்டியப்பன்.

"நீ என்ன பண்ணுவே, குட்டியப்பா? அதைச் சொல்லு முதல்ல."

குட்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "பர்லியாத்துல பலாச்சுளை வாங்கித் தர்றேன்னு சவாரியை இறக்கிருவேன். அவிங்க தின்னு முடிக்கறதுக்குள்ள மூடியைத் தெறந்து கிண்ணத்துல இருக்கற மிதவையை ஒரு நெளி நெளிச்சிருவேன், பெட்ரோல் கம்மியா வரட்டும்னு."

"அடப்பாவி! மலையில ஒனக்கு மட்டும் எப்படி அத்தனை ரிட்டர்ன் சவாரின்னு நெனச்சேன். பலாச்சுளையா காரணம்!" என்றார் ஆரோக்கியசாமி.

பழனாத்தாள் சிரித்த சிரிப்பில் மதிலிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள், முப்பது வருஷமாகத் தனித்தனியே வைத்திருந்த தந்திரங்களை. ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர் அது நல்லாயிருக்கிறதே என்றார். கடைசியில் எல்லாரும் ரவூப் பாயைப் பார்த்தார்கள். பட்டறையே அவருடையது, கையில் கழுவியவர் அவர்.

பாய் தாடியைத் தடவினார். "எனக்குத் தெரிஞ்சா நான் ஏம்பா எல்லாத்தையும் மருதாசலத்துக்கிட்ட அனுப்பறேன்?"

அவர் மலை என்று எழுதிய பெட்டியையும் தரை என்று எழுதிய பெட்டியையும் தூக்கி, அத்தனை காய்களையும் சாக்கின்மேல் ஒன்றாகக் கொட்டினார். குவியல் முழங்கால் உயரம் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"அம்மிணி," என்றார் அப்பா, "அந்தச் சாமானை எடுத்துட்டு வா."

நான் வீட்டுக்கு ஓடிப்போய் வெர்னியரையும் நோட்டையும் கொண்டுவந்தேன். பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். பழக்கம் விடவில்லை, உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடித் தூக்கினார்.

"மலை," என்றார்.

வாங்கித் தொண்டைக்குள் தாடையை விட்டேன். ஒரு தடவை எடுத்துவிட்டுத் திரும்ப விட்டேன். முப்பத்திரண்டு.

"தரை," என்றேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மதிலுக்கு மேலிருந்த பழனாத்தாளுக்கும் கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னேன். "தரைப்பா."

"தரைதான். எழுதிக்க," என்றார் அப்பா. அடுத்ததை எடுக்கக் குனிந்தார்.